வயதானவர்களுக்குத் தைராய்டு: மருந்துக் கடையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் மருந்தாளுநராக இருக்கிறேன், 22 வருஷம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரை, பிரஷர் பற்றியெல்லாம் அவர்களே எனக்குப் பாடம் எடுப்பார்கள், தைராய்டு என்றால் மட்டும் குழப்பம். அதே சந்தேகங்களை வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, ஒரே இடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. மாத்திரையை ஆரம்பிப்பது, அளவைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது.

தைராய்டு இருக்குன்னு சொல்லிட்டாங்க தம்பி. அது எப்படி வந்துச்சு எனக்கு?

தைராய்டு எல்லாருக்கும் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுரப்பி அது. உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிற ஹார்மோனைச் சுரப்பதுதான் அதன் வேலை. சுரப்பது குறைந்தால் உடம்பு முழுக்க மந்தமாகும், அதை ஹைப்போ என்கிறோம். கூடினால் எல்லாமே தலைதெறிக்க ஓடும், அது ஹைப்பர்.

வயதானவர்களிடம் ஹைப்போதான் அதிகம், அதிலும் பெண்களுக்கு. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அந்நியன் என்று நினைத்து மெல்ல மெல்ல அரித்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912-ல் இதை விவரித்து எழுதினார், அதனால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். நீங்கள் எதையோ சாப்பிட்டதால் வந்தது இல்லை. யாரிடமிருந்தும் தொற்றியதும் இல்லை.

ரிப்போர்ட்ல டி.எஸ்.ஹெச் ஜாஸ்தின்னு போட்டிருக்கு. அப்ப தைராய்டு ஜாஸ்தின்னுதானே அர்த்தம்?

நேர் தலைகீழ். டி.எஸ்.ஹெச் தைராய்டிலிருந்து வருவது இல்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. "வேலை செய், இன்னும் செய்" என்று தைராய்டைத் தட்டி எழுப்புகிற உத்தரவு அது. தைராய்டு சோம்பினால் உத்தரவின் சத்தம் கூடும், அதாவது டி.எஸ்.ஹெச் ஏறும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் உத்தரவு அடங்கிப்போகும், எண் இறங்கும். ஆகவே டி.எஸ்.ஹெச் கூடினால் தைராய்டு கம்மி, குறைந்தால் தைராய்டு ஜாஸ்தி.

சாதாரணமாக 0.4-லிருந்து 4 அல்லது 4.5 வரை சரியான அளவு என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் எல்லா வயதுக்காரர்களுக்கும் சேர்த்துப் போட்ட அளவு. வயதானவர்களுக்கு அதை அப்படியே வைத்துப் பார்ப்பதில் சிக்கல் இருக்கிறது, கீழே 6.2 பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எழுபது வயசுக்கு மேல அசதி, மறதி, மலச்சிக்கல் எல்லாம் வரத்தானே செய்யும்? இதுக்குப் போய் ரத்தம் எடுக்கணுமா?

இந்தக் கேள்விக்கு என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். என் அம்மாவுக்கு அப்போது 71 வயது. எந்நேரமும் தூக்கம். சித்திரை வெயிலில் போர்வை கேட்பார். முகம் லேசாக உப்பியிருந்தது, நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நினைத்தோம். குரல் கட்டைக் குரலாகிவிட்டது, சளி என்றோம். பேரன்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டார், பக்குவம் வந்துவிட்டது என்றுகூடச் சொன்னோம். அழைத்துப்போன இடத்தில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும், வயிறு இளக ஒரு மருந்தும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் அப்படியே ஓடியது. இன்னொரு மருத்துவர் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, 52 தான் இருக்கிறது, தைராய்டு பார்த்தீர்களா என்று கேட்டார். டி.எஸ்.ஹெச் 68. தினமும் தைராய்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற தொழில் என்னுடையது, அப்படியும் அம்மாவின் விஷயத்தில் எனக்குத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சின்ன வயதுக்காரர்களுக்கு ஹைப்போ வந்தால் எடை கூடும், முடி கொட்டும், மாதவிலக்கு மாறும், அவர்களே ஓடி வருவார்கள். வயதானவர்களிடம் அப்படிப் பளிச்சென்று தெரிவதில்லை. ஒன்றிரண்டு அறிகுறிதான் இருக்கும், அதுவும் முதுமையின் வேஷத்தில் இருக்கும். மறதி, மனச்சோர்வு, காது மந்தம், நடை தள்ளாட்டம், தோல் வறட்சி, கெண்டைக்கால் பிடிப்பு, கை மரத்துப்போவது என்று எதுவாகவும் இருக்கலாம். நாற்று நடுகிற ஒரு அம்மா விரல் மரத்துப்போகிறது என்று ஆறு மாதம் தைலம் வாங்கித் தேய்த்தார், கடைசியில் காரணம் தைராய்டு. உணவைக் கட்டுப்படுத்தியும் கொழுப்பு குறையவில்லை என்றாலோ, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டது என்று சொன்னாலோ அப்போதும் தைராய்டைப் பார்ப்பார்கள். மறதி நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கட்டாயம் பார்க்க வேண்டிய பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. எல்லா அசதிக்கும் தைராய்டுதான் காரணம் என்று சொல்லவில்லை, பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். முதுமை இவ்வளவு வேகமாக வராது.

அம்மா மாத்திரை ஆரம்பித்து நாலாவது மாதம், வெண்டைக்காய் முத்தல் என்று காய்கறிக்காரரிடம் வாசலில் நின்று சண்டை போட்டார். வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

காலைல காபி குடிக்காம என்னால ஒண்ணும் முடியாது. காபி குடிச்சுட்டு மாத்திரை போட்டா என்ன?

எங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய பிரச்சினை. பால் வந்ததும் டிகாக்ஷன் இறக்கி, ஐந்தரைக்குள் முதல் டம்ளர் உள்ளே போயாக வேண்டும். தைராய்டு மாத்திரையோ வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போனால்தான் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சும். காபியும் தடுக்கும், பாலில் இருக்கும் சுண்ணாம்புச்சத்தும் தடுக்கும். மாத்திரைக்கும் முதல் காபிக்கும் நடுவில் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் வேண்டும்.

நான் சொல்லிக்கொடுத்து நிறையப் பேருக்குச் சரிப்பட்ட வழி ஒன்று உண்டு. வயதானவர்கள் விடிவதற்கு முன்னால், மூன்று நாலு மணிக்கு ஒரு தடவையாவது சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார்கள். தலைமாட்டில் ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் மூடி வையுங்கள். எழுந்த கையோடு போட்டுக்கொண்டு திரும்பப் படுத்துவிடலாம், காபிக்கு யாரும் காத்திருக்க வேண்டாம். புட்டியை அப்படியே தலைமாட்டில் வைக்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை போட்டுவிடுவார்கள். ஒற்றை மாத்திரை மட்டும் வையுங்கள்.

எப்படியும் காபி முந்திக்கொள்ளும் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் ஒரே மாதிரி போட்டால் அதற்கேற்ப அவர் அளவைச் சரிசெய்ய முடியும். ஒரு நாள் காபிக்கு முன், ஒரு நாள் பின், ஒரு நாள் இட்லியோடு என்று போனால்தான் ரத்தத்தில் அளவு எங்கேயும் நிற்காது.

ஏழெட்டு மாத்திரை இருக்கு, எல்லாத்தையும் ஒரே வாயில போட்டுத் தண்ணி குடிச்சா ஆச்சு. எதுக்குத் தனித்தனியா?

கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் 4 மணி நேரம் இருக்க வேண்டும். சேர்ந்து போனால் வயிற்றுக்குள்ளேயே பிடித்துக் கட்டிவைத்துவிடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ரோஸ் கலர் மருந்துக்கும் இதே கணக்குதான். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிவிடுங்கள், அதோடு பிரச்சினை தீர்ந்தது.

பான்டோப்ரசோல் மாதிரி வாயு மாத்திரைகளைத் தினமும் நீண்ட நாள் போட்டால் வயிற்றில் அமிலம் குறைந்து தைராய்டு மாத்திரை உறிஞ்சப்படுவதும் குறையலாம். அளவு கூட்டக் கூட்ட டி.எஸ்.ஹெச் இறங்கவில்லை என்றால் இதைத்தான் முதலில் கேட்பேன். எங்கள் ஊரில் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி வாயு மாத்திரை போடுகிறார்கள், சீட்டே இல்லாமல். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.

ராத்திரி போடலாமா? நோன்பு மாசத்துல என்ன பண்றது?

போடலாம். கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது. எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கிறவருக்கு ஒத்துவரும், சாப்பிட்ட உடனே கண்ணயர்கிறவருக்கு வராது. ராத்திரி கால்சியம் போடுகிறவர்கள் அதை வேறு நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

நாகூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் ரமலானுக்கு முன்னால் கேட்பார்கள். விடிவதற்கு முன் சாப்பிடுகிற ஸஹருக்கு எழுந்தவுடன் போட்டுவிட்டு அரை மணி கழித்துச் சாப்பிடலாம், அல்லது நோன்பு திறந்து சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாம். எது என்றாலும் மாதம் முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். சஷ்டி, ஏகாதசி விரதம் இருப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, வெறும் வயிறுதானே, தண்ணீரோடு போட்டுவிடலாம்.

ஒரு நாள் மறந்துட்டேன், மறுநாள் ரெண்டா போட்டுக்கலாமா?

ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் போல ஆகும். அன்றைக்கே ஞாபகம் வந்தால் வயிறு காலியான நேரம் பார்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் வழக்கம்போல ஒன்று. இதய நோய் உள்ள பெரியவர்கள் தானாக இரண்டு மூன்று என்று சேர்த்துப் போடவே கூடாது.

அப்பாவுக்கு 78 வயசு, நல்லாதான் இருக்கார். மாஸ்டர் செக்கப்ல டி.எஸ்.ஹெச் 6.2-ன்னு வந்துருக்கு. உடனே மாத்திரை ஆரம்பிக்கணுமா?

அவசரப்படாதீர்கள். முதலில், டி.எஸ்.ஹெச் ஏறி இறங்குகிற ஒன்று. காய்ச்சலில் கிடந்து எழுந்தாலோ, ஆஸ்பத்திரியில் படுத்துத் தேறி வந்தாலோ கொஞ்ச நாள் ஏறியிருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பாதிப் பேருக்குத் தானாகவே இறங்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மறுபடி பார்க்கும்போது எஃப்.டி.4-ஐயும், அதாவது தைராய்டு சுரக்கிற ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டி.எஸ்.ஹெச் மட்டும் ஏறி எஃப்.டி.4 சரியாக இருந்தால் அது ஆரம்ப நிலை, தைராய்டு இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, வயது ஏற ஏற டி.எஸ்.ஹெச் கொஞ்சம் ஏறுவது இயல்பு. எண்பது வயதைத் தாண்டியவர்களில் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கே 7 வரை இருப்பது உண்டு. ரிப்போர்ட்டில் 4.5-க்கு மேல் போனாலே தடித்த எழுத்தில் அச்சாகிவிடுகிறது, அதைப் பார்த்து வீடே பயந்துவிடுகிறது.

மூன்றாவது, இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 65 வயதைத் தாண்டிய, இப்படி ஆரம்ப நிலையில் இருந்த 737 பேரை ஐரோப்பாவில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நிஜ மாத்திரையும் இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்தும் அசதியிலோ மற்ற அறிகுறிகளிலோ இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. அதனால் இப்போது பல மருத்துவர்கள் இந்த வயதில் 10-க்குக் கீழே, அறிகுறியும் இல்லை என்றால், ஆறு மாதம் ஒரு வருஷம் என்று கவனித்து வருகிறார்கள். 10-ஐத் தாண்டினாலோ, எஃப்.டி.4 குறைந்தாலோ கதை வேறு, பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும். உங்கள் மருத்துவர் 6.2-க்கே எழுதிக்கொடுத்தால் சண்டை போடாமல் காரணம் கேளுங்கள், அப்பாவின் உடம்பில் வேறு ஏதாவது பார்த்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு 100 கொடுத்திருக்காங்க, எங்கம்மாவுக்கு வெறும் 25. டாக்டர் சரியா பார்க்கலையோ?

சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நாற்பது வயதுக்காரருக்கு எடைக்குத் தகுந்தபடி முழு அளவையும் முதல் நாளே கொடுத்துவிடலாம். எழுபது வயது இதயம் நாள்பட மெதுவாக ஓடிப் பழகியிருக்கும், அதைத் திடீரென்று விரட்டினால் நெஞ்சுவலி, படபடப்பு எல்லாம் வரலாம். அதனால் 25, இதய நோய் இருந்தால் 12.5 என்று தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். இதெல்லாம் மைக்ரோகிராம் கணக்கு, "25 மில்லி" என்று சொல்லி வாங்காதீர்கள். சீட்டையோ பழைய புட்டியையோ கொண்டுவந்து காட்டுங்கள்.

அளவு கூடிப்போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், யாரும் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வயதானவர்களுக்கு டி.எஸ்.ஹெச் 0.1-க்கும் கீழே போய்விட்டால் இதயம் தாறுமாறாகத் துடிக்கிற கோளாறு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது, அதிலிருந்து பக்கவாதம் வரலாம். எலும்பும் தேய்ந்து, வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்தால்கூட இடுப்பு முறியும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு டி.எஸ்.ஹெச் 4-லிருந்து 6 வரை இருந்தால் போதும் என்று பல மருத்துவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். "1-க்குக் கொண்டுவரச் சொல்லுங்க, அப்பதான் சுறுசுறுப்பா இருப்பாங்க" என்று கேட்கிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாள் ஆச்சு, ஒரு மாற்றமும் தெரியலையே?

தெரியாது. மேலே சொன்ன ஒரு வாரக் கணக்கை நினைத்துப் பாருங்கள், ரத்தத்தில் மருந்து ஒரு நிலைக்கு வரவே ஆறு வாரம் ஆகும். அதனால்தான் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் பார்த்தால் காசு வீண், எண்ணும் தப்பாக வழிகாட்டும். மலச்சிக்கல், குளிர் எல்லாம் முதலில் குறையும். தோலும் முடியும் மறதியும் தேற மாதக்கணக்கில் ஆகும்.

ரத்தம் கொடுக்க வெறும் வயித்துல போகணுமா?

தைராய்டுக்கு மட்டும் என்றால் கட்டாயம் இல்லை. ஆனால் காலை நேரத்திலேயே, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ அதே நேரத்தில் கொடுங்கள், ஏனென்றால் டி.எஸ்.ஹெச் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் சேர்ந்த சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். அது ரத்தத்தைக் கெடுப்பதில்லை, பரிசோதனை இயந்திரத்தைத்தான் ஏமாற்றுகிறது. ஹைப்பரே இல்லாதவருக்கு ஹைப்பர் என்று ரிப்போர்ட் வந்துவிடும்.

தைராய்டுன்னா குண்டாவாங்கன்னு சொல்வாங்க. எங்கப்பா இளைச்சுக்கிட்டே போறார், சாப்பாடும் இறங்கல. இவருக்குத் தைராய்டுங்கறாங்களே?

இது ஹைப்பர், தைராய்டு ஜாஸ்தி. சின்ன வயதுக்காரருக்கு ஹைப்பர் வந்தால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பசி எடுக்கும், சிலருக்குக் கண் பிதுங்கும். வயதானவரிடம் இது எதுவுமே இல்லாமல் வரலாம். பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார், பசிக்காது, வேட்டி இடுப்பில் நிற்காது, தொடையில் வலுவில்லாமல் திண்ணையிலிருந்து எழ முடியாது. வீட்டில் புற்றுநோயோ காசநோயோ என்று பயந்து அலைவார்கள். இ.சி.ஜி. எடுக்கும்போது துடிப்பு ஒழுங்கில்லை என்று தெரிந்து, அங்கிருந்து தைராய்டுக்கு வந்து சேருகிறவர்கள் நிறைய.

இதற்குக் கார்பிமசோல் மாத்திரை கொடுப்பார்கள், நியோமெர்கசோல் என்றால் எல்லாருக்கும் தெரியும். இந்த மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் நான் ஒன்றைச் சொல்லித்தான் அனுப்புவேன்: காய்ச்சலோ தொண்டை வலியோ வாயில் புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய் ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அபூர்வமாகத்தான், ஆனால் வெள்ளணு திடீரென்று சரிந்துவிடலாம், அது உயிருக்கே ஆபத்து. கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிச் சமாளிக்கிற நேரம் அது இல்லை. சிலருக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள், வாய் வழியாகச் சாப்பிடுவதுதான், அறுவை இல்லை. அதற்குப் பிறகு பலருக்குச் சுரப்பி அடங்கி ஹைப்போவாகிவிடும், அப்போது மேலே சொன்ன மாத்திரை தேவைப்படும்.

இதய டாக்டர் கொடுத்த மாத்திரையாலேயே தைராய்டு வரும்னு சொல்றாங்களே, நிஜமா?

அமியோடரோன் என்ற மாத்திரை என்றால், ஆமாம். இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தக் கொடுப்பது. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். உடம்புக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், ஒரு 200 மில்லிகிராம் மாத்திரையில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் இருக்கிறது. அதனால் சிலருக்கு ஹைப்போ வரும், சிலருக்கு ஹைப்பர். ஆரம்பிக்கும் முன்பும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் தைராய்டு பார்க்க வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதயத்துக்கு அவசியம் என்றுதான் கொடுத்திருப்பார்கள். மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியமும் தைராய்டைக் குறைக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்குத் தைராய்டு மாத்திரையின் அளவு கூடினால் வார்ஃபரினின் வேகமும் கூடும், ரத்தக்கசிவு வரலாம். இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள்.

நாங்க எப்பவும் வேதாரண்யம் கல் உப்புதான். அயோடின் உப்புக்கு மாறினா தைராய்டு போயிடுமா?

போகாது, ஆனால் மாறுவது நல்லது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய மண் வேதாரண்யம், அந்த உப்பின் மேல் எங்கள் எல்லாருக்கும் ஒரு பாசம் உண்டு. கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கும் என்று நம்புகிறார்கள், இருப்பது மிகக் கொஞ்சம், தேவைக்குப் போதாது. அதனால்தான் உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள், சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கென்று விற்க 2006 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. வேதாரண்யம் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது, பையைப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் உங்களுக்கு வந்திருப்பது ஹஷிமோட்டோ வகை என்றால் அதற்குக் காரணம் அயோடின் குறைவு இல்லை, அதனால் உப்பை மாற்றி அதைக் குணப்படுத்தவும் முடியாது. அதே நேரம் "அயோடின் உப்பால்தான் தைராய்டு வந்தது" என்று பயந்து நிறுத்தவும் வேண்டாம், வீட்டில் வாயும் வயிறுமாக இருக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது அவசியம். பிரஷர் இருக்கிறவர்கள் அயோடினுக்காக உப்பைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

முட்டைக்கோஸ், மரவள்ளி, கம்பு எல்லாம் தள்ளணுமாமே?

வேகவைத்து, எப்போதும்போல அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை. இவை தைராய்டைத் தொந்தரவு செய்வது தினமும், நிறையச் சாப்பிட்டு அயோடினும் குறைவாக இருந்தால்தான். ஏற்கெனவே பல் இல்லாமல், பசி இல்லாமல் இருக்கும் பெரியவர்களிடம் இதைச் சாப்பிடாதே அதைச் சாப்பிடாதே என்று சொல்லி அவர்களை மெலிய வைக்காதீர்கள்.

கழுத்துல உருண்டையா தட்டுப்படுது. கேன்சரா இருக்குமோ?

வயதானவர்களுக்குத் தைராய்டில் கட்டி இருப்பது மிகச் சாதாரணம், ஸ்கேன் எடுத்தால் ரொம்பப் பேருக்குத் தெரியும், பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. டி.எஸ்.ஹெச் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், சந்தேகப்படும்படி இருந்தால் மெல்லிய ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பார்கள். வேகமாக வளர்ந்தால், கல் மாதிரி இருந்தால், குரல் மாறினால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம் என்றால் நாள் கடத்தாமல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரிப் பெரிய இடத்துக்குப் போய்விடுங்கள்.

வேற கம்பெனி மாத்திரை கொடுத்தா வாங்கலாமா? புட்டியை எங்க வைக்கிறது?

எல்ட்ராக்சின், தைரோநார்ம் எல்லாவற்றிலும் இருப்பது லீவோதைராக்சின்தான். ஆனால் இந்த மருந்தில் சின்ன வித்தியாசமும் அளவை மாற்றும், அதனால் ஒரே கம்பெனியில் இருப்பது நல்லது. விலைக்காகவோ கிடைக்காததாலோ மாற்றினால் 6 வாரம் கழித்து ஒரு தடவை டி.எஸ்.ஹெச் பார்த்துவிடுங்கள். வெயிலும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. அடுப்பு மேடை, ஜன்னல் ஓரம், ஐப்பசி மழையில் ஓதம் ஏறுகிற சுவர் அலமாரி எதுவும் வேண்டாம். புட்டியிலேயே, மூடி இறுக்கி, உள் அறையில் வையுங்கள்.

நாட்டு மருந்துல சரி பண்றோம்னு சொல்றாங்க. வாழ்நாள் முழுக்க இந்த மாத்திரையா?

சுரப்பி அரித்துப்போயிருந்தால் அது சுரக்காததை வெளியிலிருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு முற்றிலும் குறைந்துபோன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்து 74 வயதில் இறந்தார். அதற்கு முன்னால் இந்த நோய் முற்றினால் முடிவுதான். இன்றைக்கு அந்தச் சாற்றின் இடத்தில் சின்ன வெள்ளை மாத்திரை இருக்கிறது, ஆகவே இதை அடிமைப்படுத்துகிற மருந்து என்று நினைக்காதீர்கள். வேறு வைத்தியம் பார்க்க விரும்பினால் மாத்திரையை விடாமல், மருத்துவருக்குச் சொல்லிவிட்டுப் பாருங்கள். கடல்பாசி சேர்ந்த மருந்துகளில் அயோடின் அதிகம் இருக்கலாம், கவனம்.

நிறுத்தவே கூடாதா என்றால், சிலருக்கு முடியும். மேலே சொன்ன 6.2 கதை மாதிரி, பத்து வருஷத்துக்கு முன்னால் லேசாக ஏறிய எண்ணுக்கு ஆரம்பித்தவர்களுக்கு மருத்துவரே படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் பரிசோதனை பார்த்து நிறுத்துவது உண்டு. தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. தைராய்டு ரொம்பக் குறைவாக இருந்து, மாத்திரையையும் விட்டு, மார்கழிப் பனியில் நெஞ்சில் சளியும் சேர்ந்தால் உடம்பு சில்லிட்டு, நினைவு மங்கி மயக்கத்துக்குப் போய்விடலாம். அபூர்வம், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். எழுப்பினால் எழவில்லை, உடம்பு ஜில்லென்று இருக்கிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மா ஊர்ல தனியா இருக்காங்க, நான் சிங்கப்பூர்ல. இதையெல்லாம் நான் எங்கேருந்து பார்க்கறது?

குரலைக் கேளுங்கள். தைராய்டு குறைந்தால் குரல் கனத்து, பேச்சு இழுத்து, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விழும். தினமும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, வாரம் ஒரு தடவை கேட்கிற உங்களுக்குத்தான் தெரியும். மாதம் ஒரு தடவை புட்டியைக் கையில் எடுத்து வீடியோவில் எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். முதல் தேதி 100 இருந்து, முப்பதாம் தேதி ராத்திரி 70 இருக்க வேண்டும். 85 இருந்தால் பாதி நாள் மாத்திரை போடவில்லை, 60 இருந்தால் சில நாள் இரட்டிப்பாகப் போகிறது. பழைய ரிப்போர்ட்டுகளைப் படம் பிடித்து உங்கள் செல்லில் வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் போன தடவை எவ்வளவு என்று கேட்கும்போது அம்மாவால் சொல்ல முடியாது. அடுத்த பரிசோதனைத் தேதியை எங்களை மாதிரிப் பக்கத்து மருந்துக் கடையில் சொல்லிவைத்தாலும் போதும், மாத்திரை வாங்க வரும்போது நாங்கள் ஞாபகப்படுத்துவோம்.